மன்னிப்பு யாருடைய உரிமை?



2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று, அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டையொட்டி, தமிழகச் சிறைகளிலிருந்து 1,000க்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகள் விடுதலை செய்யப்பட்டார்கள். "கொலை செய்தவனை மன்னிக்க அரசு யார்?" என்ற கேள்வி இத்தகைய வேளைகளில் எழுவது இயல்பே. இதற்கு நாட்டுச் சட்டம் சொல்வதென்ன, ஷரீஅத் சொல்வதென்ன என்று பார்ப்போம்.

நமது அரசியல் சட்டத்தின் 72-ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்கும், 161-ஆவது பிரிவு ஆளுநருக்கும் தண்டனையை மன்னிக்கவும் குறைக்கவும் அதிகாரம் தருகின்றன. அது தனிமனிதர் விருப்பம் அன்று. ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கருணை காட்டப்பட்டாலும் நீதிமன்றப் பதிவு அப்படியே நிற்கும் என்று 1988-இல் தெளிவாக்கியது. ஆகவே தண்டனைக் குறைப்பால் தண்டனைதான் குறைகிறது. குற்றம் நடக்கவே இல்லை என்று ஆகிவிடுவதில்லை.

ஷரீஅத்திலோ கொலைக் குற்றத்தை மன்னிக்கும் உரிமை கொல்லப்பட்டவரின் வாரிசுகளுக்கே உரியது. கிஸாஸ் கேட்கலாம், தியத் என்னும் ஈட்டுத்தொகை பெறலாம், முற்றிலும் மன்னித்தும் விடலாம். இதைக் கூறும் அல்பகரா அத்தியாயத்தின் 178-ஆவது வசனம், கொன்றவனையும் வாரிசின் 'சகோதரன்' என்றே குறிப்பிடுவதைக் கவனியுங்கள்! நம் நாட்டில் குற்றவியல் சட்டம் அனைவருக்கும் பொதுவானது. ஆயினும் பாதிக்கப்பட்டவரை மறந்துவிட்ட மன்னிப்பு முழுமை பெறாது என்ற பாடம் நமக்கு உண்டு.

ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றியின்போது, வீட்டுக் கதவை அடைத்துக் கொண்டவருக்கும் ஹரமில் நுழைந்தவருக்கும் அபயம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அதுவே பொது மன்னிப்பு. உஹதில் ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற வஹ்ஷீயும் பின்னர் வந்து இஸ்லாத்தைத் தழுவினார். நாயகம் (ஸல்) அவர்கள் அவரைப் பழிவாங்கவில்லை. ஆனால், தம் கண்முன் வராதிருக்க முடியுமா என்று கேட்டுக் கொண்டார்கள். மன்னிப்பது கடமையுணர்வு, துக்கம் மனித இயல்பு. மன்னித்த பின்னும் நெஞ்சு வலித்தால் மன்னிப்பு பொய்யாகிவிடாது.

ஓமலூரில் ஒருவர் அடுத்தவர் வரப்பை வெட்டி நிலத்தைச் சேர்த்துக் கொண்டார் என்று வைத்துக் கொள்வோம். அரசு அவர் தண்டனையை நீக்கலாம். நிலம் அவருடையதாகி விடுமா? ஷஹீதின் பாவங்கள் மன்னிக்கப்பட்டாலும் கடன் மட்டும் நிற்கும் என்பது ஹதீஸ். ஹக்குல் இபாத் எனும் அடியார் உரிமையை உரியவரிடமே தீர்க்க வேண்டும்.

எனவே, விடுதலை பெற்றவரே! உங்களால் கண்ணீர் விட்ட குடும்பத்தைத் தேடிச் செல்லுங்கள். நேரில் செல்வது அவர்களுக்கு வேதனையானால், பெரியவர்கள் மூலம் மன்னிப்புக் கேளுங்கள். ஜமாஅத்தாரே! தண்டனை முடித்து வந்தவர் தொழுகையில் உங்கள் ஸஃப்பில் நின்றால் விலகாதீர்கள். தாய்மார்களே! தகப்பன் செய்த குற்றத்தை அவர் பிள்ளைகளிடம் சொல்லிக் காட்டாதீர்கள். ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்பது திருமறையின் போதனையன்றோ!

நாளை நாம் அனைவருமே அல்லாஹ்வின் மன்னிப்பை நாடி நிற்கப் போகிறவர்கள். பிறரை மன்னிக்கும் நெஞ்சையும், பிறரிடம் மன்னிப்புக் கேட்கும் துணிவையும் அவன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.