காணாமையின் அறம்

நாடகக் கலை பயிலும் மாணவி ஒருத்தி, விடுமுறையில் ஒரு நாடகக் குழுவில் ஊதியமின்றித் தொண்டாற்றினாள். மேடையேறலாம் என்று சென்றவளுக்குத் திரை இழுக்கும் பணியே வாய்த்தது. நிறைவு நாளில் எல்லாரையும் மேடைக்கு அழைத்த குழுவினர் இவளை மறந்தனர்.

17ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஜப்பானியக் கபுகி அரங்கில், ‘குரோகோ’ எனும் கறுப்புடை உதவியாளர் மேடையிலேயே நடமாடுவர். அவர்கள் அங்கு இல்லை என்றே கொள்வது மரபு. இதைச் சொல்லித் தேற்றினேன்.

“அவர்களைக் காணாதிருப்பவர் பார்வையாளர்தானே, ஃபாதர்? என்னைக் காணாதவர்கள் உடன் உழைத்தவர்கள்” என்றாள்.

சுருக்கென்றது. தன்னை மறைத்துக்கொள்வது தொண்டருக்கு அறமாகலாம். அதையே காட்டி அவரை மறக்க, தொண்டைப் பெற்றவருக்கு ஏது உரிமை?

அன்றிரவு நம் பங்கின் விழா மலரைப் புரட்டினேன். பந்தல் வாடகைக்காரர் பெயர்கூட இருந்தது. வாரந்தோறும் கோவிலைக் கூட்டும் பெண்களின் பெயர் இல்லை.