பாடம் கேட்டல்

பரங்கிப்பேட்டையில் அந்தி மயங்கும் வேளையில் தெருவோடு நடந்து செல்கிறவன் செவியில் விழும் ஒலிகளுள் என் மனத்தை விட்டு என்றும் அகலாத ஒலி ஒன்று உண்டு. சிறு பிள்ளைகள் உஸ்தாதின் வாயைப் பார்த்தபடி அமர்ந்து, அவர் நீட்டிய இடத்தில் நீட்டி, அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, அரபு வசனங்களை ஒருமித்த குரலில் திருப்பிச் சொல்லும் ஒலி அது. பிள்ளை எங்கே என்று அந்த நேரத்தில் எந்த வீட்டு வாசலிலாவது கேட்டால், 'ஓதப் போயிருக்கிறான்' என்று தாய் விடை சொல்வாள். சிதம்பரத்துக்குப் போனால், அங்கே தேவாரம் பாடுகிறவருக்கும் ஓதுவார் என்றே பெயர். தீட்சிதர் வீட்டுப் பிள்ளைகள் வேதம் பயிலும் முறையைச் சந்தை சொல்லுதல் என்பார்கள்; ஆசான் ஒரு முறை சொல்ல, மாணாக்கன் அதை இரு முறை திருப்பிச் சொல்ல வேண்டும். சமயம் வேறு, பாஷை வேறு, தெய்வத்தை அழைக்கும் நாமமும் வேறு. ஆயினும், வாயால் சொல்லச் செவியால் வாங்கும் அந்த ஒரு காரியத்தில் மூவரும் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாணாக்கன் பாடம் படித்தான் என்பதைவிடப் பாடம் கேட்டான் என்பதே நம் பழைய வழக்கு. கேட்டறியும் கல்விக்கும் கேள்வி என்று பெயர். வேதத்துக்கும் கேள்வி என்று பெயர். வடமொழியாளர் வேதத்துக்கு இட்ட சுருதி என்னும் பெயரையே சங்கீத வித்வான்கள் தம்பூராவின் ஆதார நாதத்துக்கும் சூட்டியிருக்கிறார்கள். தெய்வத்தைச் சார்ந்த சொல்லும் இசையும் ஏட்டை முழுதும் நம்பாமல், ஒருவர் வாயையும் மற்றொருவர் செவியையும் இவ்வளவு காலம் நம்பி வந்தது ஏன்? எழுதுகருவி அரிதாயிருந்த காலத்தின் ஏற்பாடு என்று சொல்லி இக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. எழுத்து வந்த பின்னும், அச்சு வந்த பின்னும், குரலை அப்படியே பிடித்து வைக்கும் யந்திரங்கள் வந்த பின்னும், பாட வேண்டும் என்ற ஆசை கொண்டவன் ஓர் ஆசிரியர் வீட்டைத் தேடியே போகிறான்.

கடலூரில் கடற்கரைக்கு அணித்தான பழைய வீடு ஒன்றில், நாற்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பியானோவும் வாய்ப்பாட்டும் கற்பித்து வரும் ஓர் அம்மையாரை நான் அறிவேன். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான். மற்றப் பிள்ளைகள் முறை வரும் வரையில் தாழ்வாரத்தில் காத்திருக்கும். கடற்காற்றின் உப்பு அந்தப் பியானோவின் கம்பிகளில் துருவேற்றிவிடும்; ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் ஊறிப்போய், அழுத்திய கட்டை எழும்பாமல் அப்படியே படுத்துவிடும். அதற்காக அம்மையார் மழைக்காலம் முழுவதும் பெட்டியின் உட்புறத்தில் சிறிய மின்விளக்கு ஒன்றை இரவும் பகலும் எரிய விட்டிருப்பார். முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்குப் பெரியபுராணத்தில் வரும் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாறு நினைவுக்கு வந்தது. ஆலவாய்க் கோயிலில் பாணர் நிலத்தில் அமர்ந்து யாழ் வாசிக்க, தரையின் ஈரம் தாக்கினால் நரம்பின் கட்டுக் குலைந்துவிடும் என்று இறைவனே இரங்கி, அவருக்குப் பொற்பலகை இடுமாறு பணித்தான் என்பது அவ்வரலாறு. தீண்டத்தகாத குலம் என்று வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவனை உள்ளே அழைத்ததோடு அமையாமல், அவன் கையிலிருந்த கருவிக்குக் குளிரும் என்று கவலைப்பட்ட தெய்வம் அது!

ஒரு நாள் நான் தாழ்வாரத்தில் இருந்தபோது, பத்து வயதுப் பெண் ஒருத்தி உள்ளே பாடிக்கொண்டிருந்தாள். மேல் ஸ்தாயியைத் தொடும் இடத்தில் அவள் குரல் ஒரு நூலளவு தாழ்ந்து நின்றது. அம்மையார் அந்தக் கட்டையை ஒரு முறை தட்டிக் காட்டினார். குழந்தை மறுபடியும் பாடினாள். மறுபடியும் அதே குறை. இன்னும் பலமாகத் தட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரோ இரு கைகளையும் பியானோவிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, 'பாடாதே கண்ணு, முதல்ல கேளு' என்று சொல்லி, வாயைத் திறவாமல் மிக மெதுவாக அந்த ஸ்வரத்தை முனகினார். குழந்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். சற்று நேரத்துக்கெல்லாம், யாரும் சொல்லாமலே, அவள் குரலும் அந்த முனகலோடு வந்து சேர்ந்துகொண்டது. எங்கே ஆசிரியரின் குரல் ஓய்ந்தது, எங்கே குழந்தையின் குரல் தொடங்கியது என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

கட்டை தட்டிக் காட்டியபோது வராதது முனகியபோது வந்தது எப்படி? பியானோவின் கட்டை பொய் சொல்லவில்லை. ஆயினும் அது முழு உண்மையும் சொல்வதில்லை. இயற்கையான பஞ்சமத்தை அளவாகக் கொண்டு பன்னிரண்டு படி ஏறினால் ஏழாவது ஸ்தாயியின் முடிவில் சரியாக வந்து நிற்க வேண்டும்; நிற்பதில்லை, ஒரு மயிரிழை மிஞ்சுகிறது. சிருஷ்டியிலேயே உள்ள இந்த மிச்சத்தை என்ன செய்வதென்று மேனாட்டார் பல நூற்றாண்டுகள் திகைத்து, முடிவில் அதைப் பன்னிரண்டு கூறாக்கி, எல்லா ஸ்வரங்களும் சமமாகச் சுமக்கும்படி வைத்தார்கள். ஆகவே பியானோவில் ஸ்தாயி ஒன்றைத் தவிர வேறெந்த இடைவெளியும் பூரண சுத்தமாக இருப்பதில்லை. ஒவ்வொன்றும் மற்றவற்றின் பொருட்டுத் தன் சுத்தத்தில் சிறிது விட்டுக்கொடுத்து நிற்கிறது. அதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'த்தில், இருபத்திரண்டு சுருதிகள் என்னும் கொள்கையை மறுத்து, ஸ்தாயியை இருபத்துநான்கு அலகுகளாகச் சமமாகப் பகுப்பதற்கே வாதாடினார். ஆனால் தோடியின் காந்தாரம் எந்தக் கட்டையிலும் இல்லை. இரு கட்டைகளுக்கு நடுவே ஊசலாடும் அசைவிலேதான் அது இருக்கிறது. ஹார்மோனியத்தை வானொலியிலிருந்து 1940 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விலக்கி வைத்திருந்ததற்குச் சொன்ன காரணங்களுள் இதுவும் ஒன்று. அந்த விலக்கு மிகையானது என்பதே என் எண்ணம். கருவியின் எல்லையை அறிந்து, வேண்டிய இடத்தில் கையை மடியில் வைத்துக்கொள்ளத் தெரிந்த ஆசிரியர் இருக்கும்போது எந்தக் கருவியும் தோஷமுடையதன்று.

இந்த உண்மையை நம்மவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு கதையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணர் பிறந்த ஊர் எருக்கத்தம்புலியூர். இன்று இராசேந்திரப்பட்டினம் என வழங்கும் அவ்வூர் விருத்தாசலத்தை அடுத்து, நம் கடலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஞானசம்பந்தர் பதிகம் பாடப்பாட உடனிருந்து யாழில் இட்டு வாசித்து வந்தார் அவர். காரைக்காலை அடுத்த தருமபுரத்தில் பாணரின் சுற்றத்தார், இவர் யாழில் வாசிப்பதாலன்றோ சம்பந்தரின் பாட்டு உலகில் பரவுகிறது என்று பெருமை பேச, பாணர் நடுங்கிப்போய், யாழில் அடங்காத பாட்டு ஒன்று பாடியருள வேண்டும் என்று தாமே சம்பந்தரை வேண்டினார். யாழ்மூரி என்று வழங்கும் அப்பதிகத்தை இன்று ஓதுவார்கள் அடாணாவில் பாடுகிறார்கள். நரம்பில் அது அடங்கவில்லை. பாணர் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டு, இயன்ற அளவில் இதிலேயே வாசியும் என்று திருப்பிக் கொடுத்தார். தோற்ற கருவியை உடைக்க விடாத அந்தக் கருணையை எண்ணும்தோறும் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

அதைவிட ஆழமான செய்தி ஒன்று, உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்கும் திருமுறை கண்ட புராணத்தில் வருகிறது. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் அறை ஒன்றில் பூட்டிக் கிடக்க, பாடிய மூவரும் வந்தாலன்றித் திறவோம் என்று தில்லைவாழ் அந்தணர் சொல்ல, சோழ மன்னன் மூவர் திருவுருவங்களையே எழுந்தருளச் செய்து கதவைத் திறப்பித்தான். உள்ளே ஏடுகளைச் செல் மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி, எஞ்சியதை நம்பியாண்டார் நம்பி திருமுறையாகத் தொகுத்தார். இவ்வளவும் பலரும் அறிந்தது. ஏடு கிடைத்துவிட்டது, பண் கிடைக்கவில்லை என்பதைத்தான் நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. சொல் முழுவதும் கண்முன் கிடந்தது. அதைப் பாடத் தெரிந்தவர் அந்தச் சபையில் ஒருவரும் இல்லை. அரசனுக்கும் ஆசாரியனுக்கும் முடியாத அந்தக் காரியத்துக்கு, எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் இருக்கிறாள், அவளைக் கொண்டு பண் அமையுங்கள் என்று அசரீரி எழுந்தது. அவளை அழைத்து வந்தார்கள். தில்லைச் சபையில் அவள் பண்களை வகுத்துக் கொடுத்தாள். ஏட்டைச் செல் அரித்தது. அவள் குடும்பத்தின் தொண்டையை எந்தச் செல்லும் அரிக்கவில்லை. தாய் பாட மகள் கேட்டு, அவள் பாட அவள் மகள் கேட்டு, கோயிலுக்குள் நுழையும் உரிமைகூட நிச்சயமில்லாத ஒரு குடிசையில், கோயிலின் இசை அத்தனை தலைமுறை உயிரோடு இருந்திருக்கிறது!

இதைச் சரித்திரம் என்று நிறுவ நான் முற்படவில்லை. சைவ உலகம் தன் வேதத்தைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட வரலாறு இது. சொல்லிக்கொண்டபோது, இறைவன் ஏட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை, ஒரு பாடகியைக் காட்டினான் என்று சொல்லிக்கொண்டதே எனக்குப் போதும். அதே உமாபதி சிவம் திருவருட்பயனில் பத்து அதிகாரங்கள் வைத்து, அருளது நிலையை நான்காவதாகவும் அருளுரு நிலையை ஐந்தாவதாகவும் அமைத்தார். அருள் எங்கும் நிறைந்ததே. ஆயினும் அது உருக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாலன்றி உயிர் அதை அறிவதில்லை. அந்த உருவே குரு. இத்தத்துவத்தை நான் நூலில் படித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும், கடலூர்த் தாழ்வாரத்தில் அந்த முனகலைக் கேட்ட பிறகே அதன் பொருள் எனக்கு விளங்கியது. ஸ்வரம் அந்தப் பெண்ணுக்கு வெளியே பியானோவில் இருந்தது; அவளுக்கு உள்ளேயும் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முனகலோடு சேர்ந்திருக்க மாட்டாள். இருந்த இரண்டையும் இணைக்க ஒரு மனிதத் தொண்டை வேண்டியிருந்தது.

மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்பிப்பதை உபதேசத்தோடு ஒப்பிடலாமா என்று சிலர் வினவக்கூடும். நெடுநாள் எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. ஆனால் வீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது சம்பந்தரும் அப்பரும் இறைவனிடமிருந்தே நாள்தோறும் காசு பெற்று அடியாருக்கு அமுது படைத்தார்கள். சம்பந்தருடைய காசுக்குக் கடைவீதியில் வட்டம் பிடித்தார்கள் என்பதற்காக, குறையில்லாத காசு வேண்டும் என்று அவர் பதிகமே பாடினார். பாடுகிறவன் உண்ண வேண்டும் என்பதில் தெய்வத்துக்கே வெட்கம் இல்லாதபோது நமக்கு ஏன்? சம்பளம் வாங்குவது அந்த அரைமணி நேரத்தைத்தான். அந்த நேரத்துக்குள் ஒருவர் செவி திறப்பதும் திறவாததும் விலைக்குள் அடங்குவதில்லை; அடங்காததனாலேயே நல்ல ஆசிரியர் எவரும் அதைத் தாம் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை.

ஒருவர் கேட்ட பாடம் இடையில் நின்றுபோனால் என்னாகும் என்பதற்கு உ. வே. சாமிநாதையர் வரலாறே சாட்சி. 'நந்தனார் சரித்திரம்' பாடி, தில்லைக்குள் புக ஏங்கியவனுடைய துயரத்தைத் தமிழ்நாடு முழுவதும் பாட வைத்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம், இளைஞரான ஐயர் மாயூரத்தில் சங்கீதம் பயின்றார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது தெரிந்தபோது, சங்கீதத்தில் மனம் சென்றால் இலக்கியப் பயிற்சி குன்றும் என்று அவர் கருதியதை அறிந்து, ஐயர் அந்தப் பாடத்தை நிறுத்திக்கொண்டார். ஏடு தேடி ஊரூராக அலைந்து சங்க நூல்களைப் பதிப்பித்த பெரியவர், தாம் கேளாமல் விட்ட பாடத்தைத் தம் சரித்திரத்தில் எழுதாமல் விடவில்லை. தமிழுக்கு நேர்ந்த லாபம் அளவிடற்கரியது. ஆயினும் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம், மாயூரத்தில் முதியவர் ஒருவர் மாணாக்கன் வரும் நேரத்தில் வாசலைப் பார்த்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றும்.

திண்டுக்கல்லில் சடையாண்டிப் பத்தரிடம் சங்கீதம் கேட்டவர் கிறிஸ்தவரான ஆபிரகாம் பண்டிதர். கடலூர் அம்மையார் ஞாயிறு தோறும் தேவாலயத்தில் கீர்த்தனைக்கு வாசிப்பவர்; அவர் மாணவிகளுள் நெற்றியில் திருநீறு இட்டவளும் உண்டு, பரங்கிப்பேட்டையிலிருந்து முக்காடிட்டு வருகிறவளும் உண்டு. யார் எந்தத் தெய்வத்துக்குப் பாடுவார்கள் என்று அவர் கேட்பதில்லை. மேல் ஸ்தாயி சேர்கிறதா என்று கேட்கிறார்.

அன்று அந்தப் பெண் பாடி முடித்ததும், 'நாளைக்கும் இதேதானா டீச்சர்?' என்று கேட்டாள். 'இதேதான் கண்ணு' என்றார் அம்மையார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது அதே ஸ்வரத்தை வாய்க்குள் முனகிக்கொண்டே போனாள்; தாழ்வாரத்தில் காத்திருந்த அடுத்த பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உள்ளே போயிற்று.