தராசும் முத்திரையும்

தராசு பிடித்துப் பிழைப்பவர்கள் நாம். அதனைச் சோதித்து முத்திரையிட அதிகாரிகள் வரும்பொழுது, "எம்மை நம்பவில்லையா?" என்று நாம் கோபிப்பதில்லை. ஆயின், அரசாங்கத்தின் தராசைச் சோதிப்பவர் யார்?

நம் நாட்டில் அதற்கும் ஏற்பாடுகள் உண்டு. 1967ல் தோன்றிய லஞ்சத் தடுப்பு நிறுவனம் 2009ல் ஊழல் தடுப்பு ஆணையமாயிற்று. 2010ல் துப்புக் கொடுப்போரைக் காக்கும் சட்டம் பிறந்தது. 2013 முதல் அரசாங்க இலாகாக்களில் நேர்மைப் பிரிவுகள் அமையலாயின. நமது பினாங்கு மாநிலமோ, அரசாங்க ஏடுகளைப் பொதுமக்கள் கேட்டுப் பார்க்கத் தனிச் சட்டமே இயற்றியது.

இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801ல் எழுந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், தர்மச் சொத்துக்களின் நிர்வாகத்தில் குறைகள் மலிந்தமையால், 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முஸ்லிம், இந்து அறச்சொத்துக்களைக் கவனிக்க வாரியம் ஏற்பட்டது. அல்லாஹ்வுக்கென விட்ட வக்புக்கே கணக்குக் கேட்க ஆள் வேண்டியிருந்ததெனில், பொதுப் பணத்திற்கு வேண்டாமா?

"பயத்தால் வரும் நேர்மை நேர்மையாகுமா?" எனச் சிலர் கேட்பர். முத்திரை நம்மை யோக்கியராக்குவதில்லை, உண்மைதான். ஆனால் சோதனையில்லாத கடைத்தெருவில் குறைத்து நிறுப்பவன் கொழிப்பான், சரியாக நிறுப்பவன் கடையை மூடுவான். கண்காணிப்பு நல்லவனைச் சந்தேகிப்பதற்கன்று, அவனைக் காப்பதற்கே. "சட்டம் இடந்தராது" என்று சொல்லிக் கை நீட்டாதிருக்க அது அவனுக்குத் துணை.

ஸகாத் வசூலித்து வந்த ஒருவர், ஒரு பகுதியைத் தமக்குக் கிடைத்த அன்பளிப்பென ஒதுக்கிக்கொண்டார். பெற்றோர் வீட்டில் சும்மா அமர்ந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். எல்லா நேர்மைப் பிரிவுகளுக்கும் இவ்வொரு கேள்வியே போதும்.

இனி நம் குற்றத்தையும் சொல்லிவிடுவோம். ஒருமுறை உரிமம் புதுப்பிக்கச் சென்றபோது, காத்திருக்கப் பொறுமையின்றி ஓர் இளம் குமாஸ்தாவிடம் ஐம்பது வெள்ளியை நீட்டினோம். அவர் கேட்கவேயில்லை. 'காப்பிக் காசுதானே' என்று மனத்தைச் சமாதானம் செய்தோம். ஆனால் அன்று வரிசையில் நமக்கு முன் நின்ற முதியவரின் முறையை நாம் விலைக்கு வாங்கினோம். அந்தப் பிள்ளைக்கு வாங்கவும் கற்றுக்கொடுத்தோம். வாங்குபவரைப் போலவே கொடுப்பவரும் குற்றவாளி என்கிறது சட்டம்.

மேசைக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. அந்தப் பக்கத்தை ஆணையம் பார்த்துக்கொள்ளட்டும். சகோதரர்களே, இந்தப் பக்கத்தின் ஹிஸாபு நம்முடையது.