மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்

கொல்கத்தா பாலிகஞ்சில் ரஜனி சென் சாலை என்று ஒரு தெரு உண்டு. சத்யஜித் ராய் தம்முடைய துப்பறிவாளர் ஃபெலுடாவை அந்தத் தெருவில் 21ஆம் எண் வீட்டில்தான் குடிவைத்தார். வங்காளத்துப் பிள்ளைகளுக்கு அந்த முகவரி மனப்பாடம். ஆனால் அது ஃபெலுடாவின் சொந்த வீடல்ல, சித்தப்பா வீடு. தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர் அவர். 1974இல் வந்த ‘சோனார் கெல்லா’ படத்தில் அந்தச் சித்தப்பாவாக நடித்தவர் ஹராதன் பந்தோபாத்யாய். கதாநாயகன் ராஜஸ்தானுக்கு ரயிலேறிவிடுவான். சித்தப்பாவுக்கு வேலை அத்தோடு சரி.

ஹராதன் 1948இல் ‘தேவதூத்’ படத்தில் தொடங்கி, 2012இல் ‘பர்ஃபி’ வரை நடித்தார். அறுபத்து நான்கு வருஷம்! அப்பா, அண்ணன், அதிகாரி, ஜமீன் வீட்டுப் பெரிய மனிதர் என்று சுற்றிச்சுற்றி அதே வேடங்கள்தான். அலுக்காதா என்று நமக்குத் தோன்றும். ‘மகாநகர்’ பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

1963இல் வந்த படம். ஹராதன் அதில் ஒரு சிறிய கம்பெனியின் முதலாளி. வீடு வீடாகப் போய்ப் பின்னல் இயந்திரம் விற்கும் ஆரதியாக மாதவி முகர்ஜி. அவளிடம் முதலாளிக்கு அத்தனை பரிவு. அவள் கணவன் அலுவலகத்துக்கு வருகிறான். பேச்சுவாக்கில் இருவருக்கும் பாப்னாதான் பூர்விகம் என்று தெரிகிறது. அவ்வளவுதான், மனிதர் முகம் மலர்ந்துவிடும். ஊர்க்காரனுக்கு வேலை பார்த்துத் தருவதாகக்கூடச் சொல்கிறார். அதே மனிதர், உடம்புக்கு முடியாமல் லீவு போட்ட ஆங்கிலோ இந்தியப் பெண்ணின் நடத்தையைப் பற்றி இல்லாததைச் சொல்லி வேலையை விட்டு அனுப்பிவிடுகிறார். இந்த இரண்டுக்கும் நடுவே ஹராதன் முகத்தை மாற்றுவதில்லை. வில்லனாகக் காட்டிக்கொள்வதில்லை. தான் நல்லவன் என்றே அந்த முதலாளி கடைசிவரை நம்புகிறார். அவர் அப்படி நம்புவதால்தான் ஆரதியின் ராஜினாமாவுக்கு அந்த வேகம் வருகிறது. எதிரே கண்ணை உருட்டும் வில்லன் உட்கார்ந்திருந்தால் அவள் கோபம் வெறும் சினிமாக் கோபமாகப் போயிருக்கும்.

இதேபோல் நம் ஊரில் நடிகர் பூர்ணம் விசுவநாதனைச் சொல்லலாம். ‘வறுமையின் நிறம் சிவப்பு’ படத்தில் அவர் நடித்த அந்தப் பிடிவாதமான அப்பா இல்லாவிட்டால், மகன் டெல்லியில் படும் பாட்டுக்கு எடை ஏது?

ஹராதனுக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது, சேகர் தாஸின் ‘கிராந்திகால்’ படத்துக்காக, 2004ஆம் ஆண்டுப் படங்களுக்கான பட்டியலில் கிடைத்தது. அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகாவது வீட்டோடு இருந்தாரா? ‘பர்ஃபி’யில் ரன்பீர் கபூருடன் நடித்தார். அந்தப் படம் வெளிவந்து நான்கு மாதம் ஆகும் முன்பே, 2013 ஜனவரியில், 86 வயதில் காலமானார்.

‘மகாநகர்’ எங்காவது கிடைத்தால் இன்னொரு முறை பாருங்கள். மாதவி முகர்ஜியைத்தான் கண் தேடும், தேடட்டும். ஆனால் அந்த அலுவலகக் காட்சி வரும்போது மட்டும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரைக் கவனியுங்கள்.