ஐந்தாவது குடும்பம்

தலைவிதி என்று யாராவது சொன்னால் பகுத்தறிவாளருக்குக் கோபம் வரும். வர வேண்டியதுதான். ஆனால் ‘உழைத்தால் உயரலாம்’ என்று சொன்னால் நாமும் தலையாட்டுகிறோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அதையே கட்டுரைத் தலைப்பாகக் கொடுக்கிறோம். விதியை நம்புகிறவரிடம் சான்று கேட்கும் நாம், இதற்கு மட்டும் ஏன் கேட்பதில்லை? கேட்க வேண்டும் என்பதே என் கட்சி. அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் வழக்கு, சிகாகோவுக்குப் பிழைக்கப் போன ஒரு லித்துவேனியத் தொழிலாளியின் கதை.

1904இல் சிகாகோ இறைச்சித் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் தோற்றுப்போனது. அப்டன் சிங்க்ளேர் என்ற இளம் எழுத்தாளர் அந்த ஆண்டே அங்கே போய் ஏழு வாரம் தங்கினார், கொலைக்களங்களையும் குடியிருப்புகளையும் பார்த்தார், கேட்டார், குறித்துக்கொண்டார். 1905இல் ஒரு சோசலிச ஏட்டில் தொடராக வந்து 1906இல் நூலானது அவருடைய நாவல் ‘தி ஜங்கிள்’. அதன் நாயகன் யுர்கிஸ் ருட்குஸ், லித்துவேனியாவின் காட்டுப்புறத்தான். அன்று அந்த நாடு ஜாரின் ரஷ்யாவுக்குள் அடங்கிக் கிடந்தது. சொந்த மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிடக்கூட நாற்பது ஆண்டுகள் தடை. அங்கிருந்து கிளம்புகிறவனுக்கு அமெரிக்கா என்றால் விடுதலை என்றுதானே தோன்றும்?

கதை ஒரு கல்யாணத்தில் தொடங்குகிறது. யுர்கிஸுக்கும் ஓனாவுக்கும் மணம். ஊர் வழக்கப்படி வந்தவர்கள் எல்லாரும் மொய் வைக்க வேண்டும், அதை நம்பித்தான் விருந்தே நடக்கிறது. ஆனால் இளவட்டங்கள் பலர் தின்று குடித்துவிட்டு நழுவிவிடுகிறார்கள். மீதி கடன். ஓனா கலங்குகிறாள். அவன் சொல்லும் பதில் ஒன்றுதான்: இன்னும் கடுமையாக உழைக்கிறேன். ஏழைக்கு எதற்கு இவ்வளவு பெரிய கல்யாணம் என்று இந்த இடத்தில் கேட்பது சுலபம். அந்தக் கடன் இல்லாவிட்டாலும் அவர்கள் மூழ்கியிருப்பார்கள் என்பதை அடுத்து வரும் வீடு காட்டுகிறது.

வீட்டின் விலை 1,500 டாலர். முன்பணம் 300, பிறகு மாதம் 12. புது வீடு என்று சொல்லித்தான் விற்றார்கள். பக்கத்தில் குடியிருக்கும் கிழவி ஒருத்தி உண்மையைச் சொல்கிறாள்: வீட்டுக்கு வயது பதினைந்து இருக்கும், கட்டும்போது 500 டாலர்கூட ஆகவில்லை. மாதத் தவணைக்கு மேல் வட்டியும் உண்டு என்பது அவள் வாயால்தான் இவர்களுக்குத் தெரிகிறது. இவர்களுக்கு முன் நான்கு குடும்பங்கள் அதே வீட்டை வாங்க முயன்று கட்டமுடியாமல் வெளியேறியிருந்தன. முதலில் வந்தது ஒரு ஜெர்மானியக் குடும்பம். அடுத்தடுத்து வந்தவை ஒவ்வொன்றும் வேறு வேறு இனம். இவர்கள் ஐந்தாவது.

இந்த இடத்தில் வாசகர் புத்தகத்தை மூடிவைத்துக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நான்கு குடும்பங்களுக்கும் மொழி வேறு, பழக்கம் வேறு, ஆளின் குணமும் வேறாகவே இருந்திருக்கும். முடிவு மட்டும் ஒன்று. ஆட்கள் மாறி மாறி வந்தும் விளைவு மாறவில்லை என்றால் காரணத்தை ஆட்களிடமா தேடுவது? நோய்க்குக் காரணம் தேடும் மருத்துவர் இந்தத் தவறைச் செய்யமாட்டார். ஏழ்மைக்குக் காரணம் தேடும்போது மட்டும் படித்தவர்களும் சோம்பல், குடி, ஊதாரித்தனம் என்று ஆளிடமே போய் நிற்கிறார்கள்.

யுர்கிஸ் சோம்பேறி இல்லை. வேலை கேட்டு நிற்கும் கூட்டத்தில் அவன் தோளைப் பார்த்து அரை மணி நேரத்துக்குள் கங்காணி அவனைப் பொறுக்கியெடுத்தான். பிறகு ஒருநாள் கொலைக்களத்தில் ஒரு மாடு கட்டறுத்துக்கொண்டு ஓட, தப்பிக்கப் பாய்ந்தவனுக்குக் கணுக்கால் பிசகியது. கம்பெனிக்கு அதில் பொறுப்பில்லை என்று கம்பெனி மருத்துவரே சொல்லிவிட்டார். படுக்கையில் கிடந்த நாளுக்குக் கூலி இல்லை. எழுந்து போனபோது அவன் இடத்தில் வேறொருவன். கடைசியில் யாரும் விரும்பிப் போகாத உரக்கிடங்கில்தான் வேலை கிடைத்தது.

இது கதைக்காகக் கூட்டிச் சொன்னது இல்லை. அன்றைய அமெரிக்க நீதிமன்றங்கள் அப்படித்தான் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தன. ஆபத்து என்று தெரிந்தே வேலைக்கு வந்தாய், ஆகவே ஆபத்தை நீயே ஏற்றுக்கொண்டாய். உடன் வேலை செய்தவனின் கவனக்குறைவால் அடிபட்டாலும் முதலாளி பொறுப்பில்லை. பசியோடு வாசலில் நின்றவன் ‘சம்மதித்தான்’ என்று எழுதிய இந்தக் கோட்பாட்டுக்கும், முன்வினைப் பயன் என்று சொல்லும் கோட்பாட்டுக்கும் என்ன வேறுபாடு? அடிபட்டவன் தலையிலேயே காரணத்தைக் கட்டுவதற்குத்தான் இரண்டும் பயன்படுகின்றன.

ஓனாவின் மாற்றாந்தாய்க்குச் சில பிள்ளைகள். அவர்களில் ஸ்தானிஸ்லோவாஸ் என்ற சிறுவனையும் வேலைக்கு அனுப்ப வேண்டியதாகிறது. பாதிரியார் அவன் வயதை இரண்டு கூட்டிச் சான்றிதழ் எழுதித் தருகிறார். பன்றிக்கொழுப்பு வடியும் குழாயின் அடியில் காலி டப்பாவை வைப்பான், நிறையும், அடுத்த டப்பா. நாள் முழுக்க அதுதான் வேலை. வாரத்துக்குச் சுமார் 3 டாலர். அந்தப் பொய்ச் சான்றிதழுக்காக நான் தாயைக் குற்றம் சொல்லமாட்டேன். பொய்யென்று தெரிந்தே கையெழுத்திட்ட பாதிரியாரையும், கண்டுகொள்ளாமல் வாங்கி வைத்துக்கொண்ட ஆலையையும் சொல்வேன்.

சிங்க்ளேரையும் விட்டுவிட முடியாது. வேலைநிறுத்தத்தை உடைக்கத் தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்பினத் தொழிலாளர்களை அவர் இழிவாகத்தான் எழுதியிருக்கிறார். லித்துவேனியன் வீழ்ந்தால் அமைப்பைக் காரணம் காட்டியவர், கறுப்பினத்தவர் முன் வந்ததும் பிறவிக் குணத்தைப் பேசுகிறார். அவர் வாதத்தை ஏற்கிறவர்கள் அந்தப் பக்கங்களை அவர் வாதத்தாலேயே நிராகரிக்க வேண்டும்.

கதைக்குத் திரும்புவோம். ஓனாவை மேலதிகாரி ஒருவன் மிரட்டிக் கெடுக்கிறான். அவனை அடித்ததற்காக யுர்கிஸ் சிறைக்குப் போகிறான். திரும்பி வரும்போது வீடு போய்விட்டது. புதுச்சாயம் பூசி வேறு குடும்பத்துக்கு விற்றாகிவிட்டது. ஓனா பிரசவத்தில் சாகிறாள். அவர்களுடைய முதல் குழந்தை பின்னால் தெருவில் தேங்கிய தண்ணீரில் மூழ்கிச் சாகிறது.

இத்தனையையும் படித்த அமெரிக்க மக்கள் எதற்காகக் கொதித்தார்கள்? தங்கள் தட்டில் விழும் இறைச்சிக்காக. மக்களின் இதயத்தைக் குறிவைத்தேன், அடி வயிற்றில் விழுந்துவிட்டது என்ற பொருளில் சிங்க்ளேரே பின்னர் வருந்தினார். நீல், ரெனால்ட்ஸ் என்ற இருவரைக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அனுப்பி விசாரித்தார். ஆலைகளின் அசுத்தத்தை அவர்களும் நேரில் கண்டு எழுதினார்கள். 1906 ஜூன் 30 அன்று இறைச்சி ஆய்வுச் சட்டமும் தூய உணவு, மருந்துச் சட்டமும் ஒரே நாளில் கையெழுத்தாயின. நல்ல சட்டங்கள்தான், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அறுத்த மாட்டின் உடலை அரசு ஊழியர் பார்த்து முத்திரையிட வேண்டும் என்று எழுதிய சட்டத்தில், அதை அறுத்தவனின் விரலைப் பற்றி ஒரு வரி இல்லை.

வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு தரும் சட்டம் இல்லினாய் மாநிலத்தில் 1911இல்தான் வந்தது. ஸ்தானிஸ்லோவாஸ் போன்ற பிள்ளைகளைக் காக்க 1916இல் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை 1918இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நாடு முழுவதற்கும் நிலைத்து நின்ற குழந்தைத் தொழிலாளர் தடை 1938இல் வந்தது, இறைச்சிக்குச் சட்டம் வந்து 32 ஆண்டுகள் கழித்து.