உயரமும் உரிமையும்

உயர்ந்த கட்டடத்தினுள் நின்று நகரைப் படம்பிடிக்க விழைபவன் கட்டட உரிமையாளனின் அனுமதியை நாடுகின்றான். அவ்வனுமதி அவன் நிற்குமிடத்திற்குரியது. அவனால் நோக்கப்படுவோரையும் அது கட்டுப்படுத்துமா?

1838இல் டகேர் பாரிஸில் மாடிச் சாளரத்திலிருந்து எடுத்த படத்திலே, சப்பாத்துத் துலக்குவித்து நின்ற ஒருவன் தான் அறியாமலே பதிவானான். முகம் தெரியாத அவன் வீதியின் ஓர் அங்கமே. அவனுக்குத் தீங்கு விளைந்திலது.

இலண்டன் டேற் மொடேர்ண் கலைக்கூடத்தின் பத்தாம் மாடிப் பார்வைமாடத்தின் நிலை வேறு. அங்கு வந்தோர் எதிரேயுள்ள கண்ணாடிச்சுவர் வீடுகளின் உட்புறத்தையும் படம்பிடித்தனர். கலைக்கூடம் இசைந்தது, வீட்டார் இசைந்திலர். 2023இல் பிரித்தானிய அதியுயர் நீதிமன்ற நீதியரசர் ஐவருள் மூவர் வீட்டார் பக்கமே தீர்ப்பளித்தனர். திரையிட்டுத் தம்மைக் காத்துக்கொள்ளுதல் வீட்டாரின் கடமை என்ற வாதம் ஏற்கப்படவில்லை.

நகரமாந்தர் அனைவரிடமும் அனுமதி கேட்டல் இயலாது, வேண்டுவதுமன்று. ஆயின், ஒருவனது இல்லத்தை நகரக்காட்சியினின்றும் பிரித்து இலக்காக்கும்போது அனுமதி வழங்கும் உரிமை அவனதாகின்றது. கட்டட உரிமையாளன் தன் தளத்தை வழங்கலாம். பிறரது அகத்தை வழங்குதல் அவனுக்கு இயலாது.