பரீட்சைக்காக எழுதும் பொய்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் கண்டி நகரத்து டியூஷன் வகுப்புகளில் ஒரே குடும்பம் திரும்பத் திரும்பப் பிறந்துகொண்டிருக்கும். அப்பா டாக்டர். அம்மா டீச்சர். ஒரே ஒரு தம்பி. விடுமுறைக்கு எல்லோரும் காரில் நுவரெலியா போய், விக்டோரியா பூங்காவில் பூப் பார்த்து, ஏரியில் படகு ஓட்டி, களைப்போடும் மகிழ்ச்சியோடும் வீடு திரும்புவார்கள். மாதிரிக் கட்டுரைப் புத்தகத்திலிருந்து இறங்கி வந்த குடும்பம் இது. இதை ஆங்கிலத்தில் மனப்பாடமாக எழுதித் தள்ளும் பிள்ளையின் அப்பா கலஹாப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவராக இருக்கலாம். அம்மா கொழுந்து எடுப்பவராக இருக்கலாம். நுவரெலியாவை அந்தப் பிள்ளை பஸ் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்திருக்காது.

ஆசிரியர் இதைப் பிழை என்று வட்டமிடுவதில்லை. இறந்தகால வினை சரியா, பெரிய எழுத்து போடவேண்டிய இடத்தில் போட்டிருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். அடுத்த பாடவேளை சமயம். இலங்கைப் பாடசாலைகளில் சமயம் கட்டாயப் பாடம். சைவம், பௌத்தம், இஸ்லாம், கிறிஸ்தவம் என்று எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் பொய் சொல்லாதே என்றே இருக்கும். அந்தப் பாடத்தையும் பிள்ளை மனப்பாடம் செய்கிறது. இரண்டு பாடவேளைகளுக்கும் நடுவே ஒரு மணிதான் அடிக்கிறது, யாரும் சங்கடப்படுவதில்லை.

பயிற்சிக்காக எழுதும் பொய், பொய்யா?

கண்டியில் இதை முதலில் பௌத்தரிடம் கேட்பதே முறை. பஞ்சசீலத்தின் நான்காவது சீலம் பொய்யை விலக்குவது. அது முறிவதற்கு நான்கு அம்சங்கள் கூடவேண்டும் என்று பாளி உரைகள் வகுக்கின்றன: சொல்லப்படுவது உண்மையல்லாததாக இருக்கவேண்டும், ஏமாற்றும் எண்ணம் இருக்கவேண்டும், அதற்கான முயற்சி இருக்கவேண்டும், கேட்பவருக்கு அது போய்ச் சேரவேண்டும். டாக்டர் அப்பா இந்தச் சோதனையில் தப்பிவிடுகிறார். விடைத்தாள் திருத்துபவரை ஏமாற்றும் எண்ணம் பிள்ளைக்கு இல்லை. திருத்துபவரும் அதை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. வள்ளுவரிடம் போனாலும் தண்டனை கிடைக்காது. பிறருக்குத் தீங்கு தராத சொல்லே வாய்மை என்று வரையறுத்தவர் அவர். குற்றமற்ற நன்மை விளையுமென்றால் பொய்யையும் வாய்மையின் வரிசையில் வைத்தவர். ஆங்கிலத்தில் ஒரு சி சித்தி, அதனால் ஒரு வேலை, அதனால் ஒரு குடும்பம் நிமிர்வது என்று கணக்குப் போட்டால் நன்மை கண்ணுக்குத் தெரிகிறது. கற்பனையும் எழுத்துப் பயிற்சியின் பகுதிதான் என்று வாதாடுவோரும் உண்டு. கதை எழுதச் சொன்னால் யாரும் சத்தியப்பிரமாணம் கேட்பதில்லை.

ஆனால் வள்ளுவரின் நிபந்தனையில் உள்ள ‘குற்றமற்ற’ என்ற இடத்தில் நின்று பார்க்கவேண்டியிருக்கிறது. இந்தப் பொய்யால் யாருக்குத் தீங்கு? திருத்துபவருக்கு இல்லை. எழுதிய பிள்ளைக்கு. கதை எழுதுகிறவன் தெரிந்தே ஓர் உலகத்தைக் கட்டுகிறான். மனப்பாடக் கட்டுரை எழுதுகிறவள் எதையும் கட்டவில்லை. தன் வீட்டை மறைக்கிறாள். தன் அப்பாவின் வேலை ஆங்கிலத்தில் எழுதத் தக்கதல்ல என்ற ஒரு பாடத்தை, யாரும் கற்பிக்காமலே, தரம் 6 முதல் 11 வரை ஆறு ஆண்டுகளாகக் கற்றுக்கொள்கிறாள்.

கண்டிக்கு ஆங்கிலம் சமயத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது. 1854இல் தோட்டத் தமிழருக்கென்று ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கியது. இன்று அந்தப் பெயரைச் சொல்லவே நாக் கூசும்; அன்று அதுவே அதிகாரபூர்வப் பெயர். 1872இல் திருச்சபை மிஷன் சங்கத்தார் தொடங்கிய பாடசாலையே திரித்துவக் கல்லூரி. பௌத்தர்கள் பதிலுக்கு 1887இல் தர்மராஜ கல்லூரியைத் திறந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பௌத்தக் கல்லூரிக்கு நெடுங்காலம் அதிபராக இருந்தவர் பில்லிமோரியா என்ற இந்தியப் பார்சி. ஆங்கிலம் படித்தால் பிள்ளை வேதக்காரனாகிவிடும் என்ற பயமும், ஆங்கிலம் இல்லாவிட்டால் பிள்ளை பிழைக்காது என்ற பயமும் ஒரே வீட்டில் குடியிருந்த காலம் அது.

முதல் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மிஷன்கள் மதமாற்றத்தை மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் எதிர்பார்த்ததும் நடக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியை 1855இல் அமெரிக்க மிஷனே மூடிவிட்டது. ஆங்கிலக் கல்வி பிள்ளைகளை ஆலயத்தைவிட அரசாங்க உத்தியோகத்துக்கே அதிகம் அனுப்புகிறது என்ற அதிருப்தி அதற்கு ஒரு முக்கிய காரணம். இன்னொரு பக்கம் சேர் முத்துக்குமாரசுவாமி. ஆங்கிலத்தில் ஊறிய சைவத் தமிழர். இங்கிலாந்தில் பாரிஸ்டரானவர். அரிச்சந்திரன் கதையை 1863இல் ஆங்கில நாடகமாக வெளியிட்டார். உண்மைக்காக மயானம் காத்த மன்னனை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனதோடு நிற்கவில்லை. தலதா மாளிகையில் இருக்கும் புனிதப் பல்லின் வரலாறான ‘தாதாவம்ச’த்தையும் 1874இல் ஆங்கிலத்தில் தந்தார். சைவர் ஒருவர் பௌத்தர்களின் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்; அவருடைய சைவம் அப்படியே இருந்தது. திரித்துவக் கல்லூரியிலேயே, 1904 முதல் 1924 வரை அதிபராக இருந்த ஏ. ஜி. பிரேசர் என்ற பாதிரியார், சொந்த மொழி தெரியாத மாணவனை உருவாக்குவது கல்வியல்ல என்று சிங்களத்தையும் தமிழையும் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தார்.

ஆங்கிலம் பிள்ளையின் சாமியைப் பறித்துவிடும் என்று பயந்தார்கள். சாமி பத்திரமாகத்தான் இருக்கிறார். காணாமல் போனவர் அப்பா.

இன்றைய இருமொழிக் கல்வியிலும் இந்தப் பிளவு தெரிகிறது. கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் படிக்கும் மாணவரும் சமயத்தைத் தாய்மொழியிலேயே படிக்கிறார். அது சரியான ஏற்பாடுதான். தேவாரத்தைத் தமிழில் அல்லாமல் வேறெதில் படிப்பது? ஆனால் அதன் பக்கவிளைவாக உண்மைக்குத் தமிழ், புள்ளிக்கு ஆங்கிலம் என்று பிள்ளையின் மனத்தில் இரண்டு பெட்டிகள் உண்டாகின்றன. மனதார நம்புவதை, வெட்கப்படுவதை, அழுததை ஆங்கிலப் பெட்டிக்குள் வைக்க இடமே இல்லாமல் போகிறது.

வாசிப்பிலும் இதுதான் நிலை: அதுவும் புள்ளிக்கான பயிற்சியாகிவிட்டது. எப்போதும் அப்படி இருக்கவில்லை. கண்டிச் சீமையில் ஆங்கிலம் வாசித்தவர்களில் மிகப் பழையவர்களில் ஒருவர் றொபர்ட் நொக்ஸ். 1660இல் கொட்டியாரக் கரையில் பிடிபட்டு, இரண்டாம் ராஜசிங்கனின் நாட்டில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்தவர். கையில் இருந்த இரண்டு பக்தி நூல்களை ஏறக்குறைய மனப்பாடமாகும்வரை படித்துத் தீர்த்தார். ஒருநாள் ஓடையில் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது வழியே போன முதியவர் ஒருவரிடம் ஓர் ஆங்கிலப் புத்தகம் இருப்பது தெரியவந்தது. அது பைபிள். தான் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதை வாங்கினார். தொப்பி பின்னி விற்றுத்தான் அவர் வயிறு வளர்த்தார் என்பதை நினைத்தால் விலை சின்னதல்ல. வாசிப்புப் பயிற்சி என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. தேவைப்பட்ட புத்தகம் கிடைத்தது, வாசித்தார். 1679இல் தப்பிப்போய், 1681இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல் இன்றும் வாசிக்கப்படுகிறது. காரணம் எளிது: தான் கண்டதை எழுதினார்.

தாய்மொழி அல்லாத ஆங்கிலத்தில் உண்மையை எழுத முடியுமா என்று கேட்பவருக்குக் கண்டி ஏரிக்கரையிலேயே பதில் இருக்கிறது. ஜெர்மனியின் ஹனாவ் நகரில் 1901இல் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1936இல் இலங்கைக்கு வந்து துறவு பூண்டவர் ஞானபோனிக தேரர். உலகப்போரின்போது ஜெர்மானியர் என்பதற்காக ஆங்கிலேயரே அவரைத் தெகராதூன் முகாமில் அடைத்துவைத்தார்கள். அந்த ஆங்கிலேயரின் மொழியில்தான் பின்னாளில் எழுதினார். உடவத்தக்கலைக் காட்டில் இருந்த குடிலில் வாழ்ந்துகொண்டு, கண்டிக்காரர் இருவரோடு சேர்ந்து 1958இல் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். அங்கிருந்து போன சிறு நூல்கள் உலகமெங்கும் வாசிக்கப்பட்டன. அவற்றின் ஆங்கிலத்தில் பெரும்பாலும் பகட்டில்லை. சொல்லவந்த விஷயம் எழுதியவருக்கு முக்கியமாக இருந்தது, அவ்வளவுதான். மாதிரிக் கட்டுரைப் புத்தகம் போடுகிறவர்கள் ஏரிக்கரையில் இருக்கும் அந்தச் சங்கத்தில் ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம்.

சரி, தரம் 10 மாணவி எதை எழுதுவாள்? எழுதக் கிடக்கிறது மலைபோல். இலங்கையில் தேயிலை வணிகப் பயிராக முதலில் வேரூன்றியது கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் நட்ட 19 ஏக்கரில். அந்த மலைகளில் இன்று கொழுந்து எடுக்கும் கையைப் பற்றி அந்தக் கையின் மகள் பத்து வரி ஆங்கிலத்தில் எழுதினால், காலையில் அந்தத் தேநீரைக் குடிக்கும் எந்த நாட்டவரும் வாசிப்பார். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசிமகத்துக்கு ஐந்து தேர் ஓடுவதை எழுதலாம். எசல பெரஹெராவில் பத்தினி தேவாலயத்து ஊர்வலம் வரும்போது, அது தான் தமிழ்ப் பாடத்தில் படித்த கண்ணகி என்பதைப் பக்கத்தில் நிற்கும் சிங்களத் தோழிக்கு விளக்கி எழுதலாம். 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று அறிவித்தது. இரண்டு பிள்ளைகளுக்கிடையே உண்மையான ஒரு விஷயம் கைமாறாதவரை அந்த மொழி எதை இணைக்கும்?

நடைமுறைச் சிக்கல் உண்டு. உண்மை எழுதினால் பிழை அதிகம் வரும். டாக்டர் அப்பாவுக்கான வாக்கியம் தயாராக இருக்கிறது. லயன் வீட்டுக்கும் பிரட்டுக்களத்துக்குமான வாக்கியத்தைப் பிள்ளை தானே தேடவேண்டும், ஆசிரியரும் கூட உட்காரவேண்டும். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடத்திட்டத்தை முடிக்கப் போராடும் ஆசிரியையிடம் இதைக் கேட்பது அதிகம்தான். பரீட்சைக்கு முந்தைய மாதத்தில் கேட்கவும் கூடாது.

தரம் 8இலோ 9இலோ கேட்கலாம். மாதத்துக்கு ஒரு கட்டுரை போதும். நிபந்தனை ஒன்றே: எழுதுவது நடந்ததாக இருக்கவேண்டும். அதற்கு மட்டும் இலக்கணப் பிழைக்காகப் புள்ளி வெட்டாமல், பிழையைத் திருத்திக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்லுங்கள். வீட்டிலும் பெற்றோர் ஒரு வேலை செய்யலாம். பிள்ளையின் ஆங்கிலக் கொப்பியை வாங்கி, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று அதில் எழுதியிருக்கிறது என்பதை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.